வெல்லம் தின்ற மண்

இன்று காலை காரைக்குடிச் சந்தையில் வெல்லக் கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றுவிட்டது. ஒரு சாக்கின் வாயை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். உள்ளே கறுத்து, கசிந்து, அச்சில் நிற்காத வெல்லம். கருகலும் புளிப்புமாக ஒரு வாடை. உனக்குத் தெரியாத வாடையா? அது மூக்கில் ஏறியதும் நடுச்சந்தையில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் மிரண்டுபோனார்.

“என்னக்கா, வெல்லத்தைப் பாத்துச் சிரிக்கிறீக?”

“ஒண்ணுமில்ல தம்பி. இந்த வெல்லத்துக்காக என்னையும் என் சிநேகிதியையும் போலீஸ் புடிச்சுச்சு. அத நெனச்சேன்.”

அதற்கப்புறம் அவர் ஓர் அடி பின்னுக்குப் போனார். சில்லறையைக்கூடத் தள்ளி நின்றே நீட்டினார்.

வீட்டுக்கு வந்து காய்கறிப் பையைப் பிரிக்காமலேயே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போனதிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் அழுகை வரும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்றைக்கு வந்தது சிரிப்பு. அதோடு உன்னிடம் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது. நீ கேட்டால் நின்ற இடத்தில் குதிப்பாய். ஆனால் நேராகச் செய்திக்குப் போக மனம் வரவில்லை. நடந்ததையெல்லாம் உன்னோடு இன்னொருமுறை நடந்துவிட்டு வருகிறேன்.

கல்லலிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கும், வயலை நம்பிய சம்சாரி வீட்டுப் பெண் நான். தேவகோட்டையிலிருந்து காரில் வந்து இறங்கும் செட்டியார் வீட்டுப் பெண் நீ. எம்.எஸ்ஸி. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எதிரெதிர் மேசை. எனக்குச் சொன்னதைச் செய்யத் தெரியும்; உனக்குச் சொல்லாததைச் செய்யத்தான் பிடிக்கும். எதையாவது எதிலாவது ஊற்றிப் பார்த்துவிட்டு, “ஏய், இங்குட்டு வந்து பாருடி, கலர் மாறுது!” என்று கத்துவாய். படிப்பு முடிந்த கையோடு உனக்குக் கல்யாணம். கண்டனூர் மாப்பிள்ளை, சென்னையில் பெயிண்ட் கடை. நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். நீ குழந்தைகளை வளர்த்தாய், கடைக் கணக்குப் பார்த்தாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் பேசிக்கொள்வோம். வேதியியலைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அது உன்னை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

உன் மகள் கல்யாணத்தில்தான் நான் நினைத்தது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது.

கண்டனூரில் உன் வீட்டுக்காரரின் பூர்வீக வீட்டில் கல்யாணம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அந்தப் பெரிய வீட்டில் பங்காளிகள் எல்லோரும் வந்து இறங்கியிருந்தார்கள். சமையலுக்கும் குளிப்புக்குமாகப் பின்கட்டுக் கிணற்றில் நாள் முழுக்க மோட்டார் ஓடியது. முதல் நாள் கண்ணாடி மாதிரித் தண்ணீர். மறுநாள் காலையில் சமையல்காரர் அரிசி களைந்த பாத்திரத்தோடு உன்னிடம் வந்தார்.

“ஆச்சி, களைஞ்ச தண்ணி வெள்ளையா வரல, மஞ்சளா வருது. யாரும் மஞ்சத்தூளக் கொட்டிட்டாகளா?”

நீ ஒரு தம்ளரில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். எலுமிச்சம்பழச் சாற்றைச் சொட்டவிட்ட மாதிரி ஒரு மெல்லிய மஞ்சள். சமையலை உடனே நிறுத்தச் சொல்லி, வெளியிலிருந்து லாரித் தண்ணீருக்கு ஆள் அனுப்பினாய். கையோடு ஒரு பாட்டிலை என்னிடம் கொடுத்து, “உன் காலேஜுக்கு ஓடு. முகூர்த்தத்துக்குள்ள வந்துரு” என்றாய்.

முகூர்த்தத்துக்கு நான் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் சோதனை மருந்தைச் சொட்டியதும் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. அமிலம் பழசோ, குழாய் அழுக்கோ என்று புதிதாக எடுத்துத் திரும்பவும் பார்த்தேன். அதே ஊதா. திரும்பி வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. பட்டும் வைரமுமாக விருந்தினரைக் கவனித்துக்கொண்டிருந்த நீ, என் முகத்தைப் பார்த்ததும் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

“என்னது?”

“குரோமியம்.”

நீ ஒரு கணமும் யோசிக்கவில்லை. “ஆறா, மூணா?”

இத்தனை வருடம் கழித்து, பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்த கையோடு, அந்தக் கேள்வி! மூன்றாம் நிலைக் குரோமியம் சோம்பேறி. மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், அவ்வளவாகத் தண்ணீரில் கரையாது. ஆறாம் நிலை கரைந்து ஓடும், உடம்புக்குள் புகுந்து கெடுக்கும். முதலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை நீ கேட்டுவிட்டாய்.

“ஆறு” என்றேன்.

பயந்துபோவாய் என்று பார்த்தேன். உன் கண்ணில் ஆய்வுக்கூடத்துப் பழைய மினுக்கு வந்திருந்தது. “அப்ப எங்கயோ இருந்து வருதுடி. வா, பாப்போம்” என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாய்.

அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. சந்துக்கு எதிரே தகரக் கொட்டகை. ஒரு காலத்தில் தண்ணீர்க் குழாய்க்கும் வண்டிச் சாமானுக்கும் பளபளவென்று குரோமிய முலாம் பூசிய பட்டறை. முதலாளி செத்து, பட்டறை மூடி வெகுநாளாகிவிட்டது. உள்ளே இரண்டு தொட்டிகள், விரிசல் விட்ட தரை, சுவரில் மஞ்சளாகப் பூத்த உப்பு. வருடக்கணக்காக மழை அதைக் கரைத்துத் தரைக்குள் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நம் மோட்டார் ஓய்வில்லாமல் இழுத்ததில் அது கிணற்றுப் பக்கம் திரும்பியிருக்கிறது. மோட்டார் ஓடாத நாளில் அது போகும் பக்கம் வேறு. சரிவான பக்கம்; பட்டறைக்குப் பின்னால் இருக்கும் தெருவின் பக்கம்.

அங்கேதான் நீ முத்துராக்குவைப் பார்த்தாய். தெருமுனை அடிபம்பில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பம்பின் மேல் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

“இந்தத் தண்ணியக் குடிக்கிறீகளா?” என்று கேட்டாய்.

“குடிக்கக் கூடாதுன்னு ஆபீசருக வந்து கோடு போட்டுட்டுப் போனாக ஆச்சி. லாரித் தண்ணி வந்தா அதக் குடிப்போம். வராட்டி என்ன செய்ய?” அலசின கையை நீட்டிக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. “பாதிப் பேரு வீட்டப் பூட்டிட்டுக் கெளம்பிட்டாக. நாங்களும் அடுத்த வருசம் திருப்பூருக்குப் போயிருவோம்.”

விருந்தினர் கிளம்பினார்கள். பங்காளிகள் கூடி, கிணற்றை மண் போட்டு மூடிவிடலாம், வீட்டைப் பூட்டிவிடலாம் என்று பேசி முடித்தார்கள். உன் வீட்டுக்காரர் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். நீ பெட்டியில் வைத்த புடவைகளை வெளியே எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாய்.

“நீங்க போங்க. நான் பின்னால வாரேன்.”

“இங்க இருந்து என்ன செய்யப்போறே?” என்றார் பாவம்.

“கிணத்த மூடுனா நம்ம கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தெருவுக்கு? நம்ம வீட்டுக் கல்யாணத்துலதானே இது வெளிய வந்துச்சு. அப்ப நம்மதான் பாக்கணும்.”

பின்னால் வருகிறேன் என்ற நீ, ஒரு மாதம் கழித்து அவரையே இங்கு வரவைத்தாய்.

அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வேகமாகிறது. கல்லூரி முடிந்ததும் பஸ் பிடித்துக் கண்டனூருக்கு ஓடி வருவேன். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் பாட்டில்களாக அடுக்கி வைத்திருப்பாய். எல்லாவற்றிலும் பட்டறை மண், பட்டறைத் தண்ணீர். ஒன்றில் கருவேலங்கரி. ஒன்றில் நம் ஊர்ச் செம்புறாங்கல் பொடி. ஒன்றில் லேத் பட்டறையில் கடைசலில் சுருண்டு விழும் இரும்புச் சீவல். கரி மஞ்சளைக் கொஞ்சம் பிடித்துவிட்டு நின்றுவிட்டது. செம்புறாங்கல் அதைவிடக் கொஞ்சம். இரும்புச் சீவல் போட்ட பாட்டிலோ இரண்டாம் நாளே தெளிந்தது. இரும்பு தன்னைத் துருவாக்கிக்கொண்டு ஆறை மூன்றாக இறக்கிவிடும் என்று நாம் படித்ததுதான். கண் முன்னால் நடக்கும்போது புதிதாக இருந்தது.

“இது சரி. ஆனா இரும்ப மண்ணுக்குள்ள எப்படிப் போகச் சொல்லுவ? பள்ளம் வெட்டிப் போடலாம், அந்த வழியா வர்ற தண்ணியத் தடுக்கும். கொட்டகைக்கு அடியில கெடக்குறதுக்கு?” என்று கேட்டாய்.

அதற்குத்தான் வெல்லம். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரைப்பாகு ஊட்டினால் அவையே குரோமியத்தை அடக்கிவிடும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். மறுநாளே ஒரு பாட்டிலில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றியிருந்தாய். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. அப்புறம் ஒரு காலையில், நான் வகுப்பில் நிற்கிறேன், போன் விடாமல் அடிக்கிறது.

“ஏய், மஞ்ச போச்சுடி! ராத்திரிக்குள்ள போச்சு! அழுகின முட்ட மாதிரி நாறுது, ஆனா போச்சு!”

பிள்ளைகள் முன்னால் நான் “போச்சா!” என்று கத்திவிட்டேன். யார் போனார் என்று அவர்கள் பயந்துபோனார்கள்.

அரசு அலுவலகத்தில் அனுமதி வாங்க நீ அலைந்தது தனிக் கதை. எந்த வாசலிலும் நீ கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கையில் இரண்டு பாட்டில். ஒன்று மஞ்சள், ஒன்று தெளிவு. மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பாய். பார்க்கிறவர்களுக்கே கேட்கத் தோன்றிவிடும். கடைசியில், மேலாக இருக்கும் கொடிய மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டி, நச்சுக்கழிவைப் பாதுகாக்கும் இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும், ஆழத்தில் இருப்பதற்கு நம் முறையைச் செய்து பார்க்கலாம், அவர்கள் வந்து வந்து சோதிப்பார்கள் என்று முடிவானது.

அப்புறம்தான் போலீஸ். லோடு ஆட்டோவில் மூட்டை மூட்டையாகக் கறுப்பு வெல்லம், கூடவே நீல நிறப் பீப்பாய்கள். கண்டனூர் சாலையில் சப்-இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். மூட்டையில் விரலைவிட்டு முகர்ந்து பார்த்தார்.

“கறுப்பு வெல்லம். பீப்பா. சாராய ஊறல் எங்க போடுறீங்க?”

முன் சீட்டிலிருந்து நீ இறங்கினாய், வைரத்தோடு மின்ன. “ஊறல்தான் சார் போடப்போறோம். ஆனா குடிக்கப்போறது ஆளுக இல்ல, மண்ணு.”

எனக்கு உயிரே போய்விட்டது. குறுக்கே பாய்ந்தேன். “சார், தப்பா நெனைக்காதீங்க. நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி புரொபசர்.”

“கெமிஸ்ட்ரியா? அப்பச் சரியாத்தான் இருக்கு. வண்டிய ஸ்டேஷனுக்கு விடு” என்றார் டிரைவரிடம்.

ஸ்டேஷனில் அனுமதித் தாளைக் காட்டியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நீதான், “எழுதுனத நம்பாதீக. வந்து கண்ணால பாருங்க” என்று அவரை வீட்டுக்கே கூட்டி வந்தாய். கூடத்தில் தரையில் உட்கார வைத்து, மஞ்சள் தண்ணீரில் மருந்தைச் சொட்டினாய், ஊதா பொங்கியது. வெல்லம் ஊற்றிய பாட்டில் தண்ணீரில் சொட்டினாய், ஒன்றும் இல்லை. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்படிம்மா?”

“வெல்லம் அந்த ஜீவனுக்குச் சோறு சார். சோறு தின்னா மூச்சு விடணும்ல? மண்ணுக்குள்ள காத்து தீந்துரும். காத்துக்குப் பதிலா இந்த விஷத்தப் புடிச்சு மூச்சு விடும். விட்ட மூச்சுல விஷத்தோட வீரியம் போயிரும். அதுக்கப்புறம் அது நகராது, மண்ணோட ஒட்டி உக்காந்துரும்.”

அவர் பாட்டிலைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். “அப்ப மண்ணும் ஊறல் போட்டாத்தான் ஒழுங்கா நடக்குதுன்னு சொல்றீங்க” என்றார். நீ சிரித்த சிரிப்பில் கூடத்துத் தூணில் இருந்த புறா பறந்தது. போகும்போது அவர் மறக்காமல் எச்சரித்தார்: “மீதி வெல்லம் வெளிய போச்சுன்னா ரெண்டு பேரையும் தூக்கிருவேன்.” அப்புறம் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, “தெளிஞ்சிருச்சாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

பட்டறைக்கும் தெருவுக்கும் நடுவே, களிமண் தட்டும்வரை நீளப் பள்ளம் வெட்டினோம். நிரப்புவதற்கு லேத் பட்டறைகளிலிருந்து வந்த இரும்புச் சீவலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அலசப் பெரிய பாத்திரம் வேண்டும். நீ சாமான் அறையைத் திறந்து கல்யாண அண்டாக்களை உருட்டி வந்தாய். பாத்திரம் பண்டங்களைச் சரிபார்க்க வந்த பங்காளி வீட்டு ஆச்சி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏத்தா, கல்யாண அண்டாவுலயா துருப்புடிச்ச இரும்ப அலசுறீக?”

“இந்த அண்டாவுலதான் ஆச்சி மஞ்சத் தண்ணி ஊத்துனோம். அதுக்குப் பரிகாரம்.”

ஆச்சி தலையில் அடித்துக்கொண்டே போனார். மறுநாள் வீட்டு வேலையாள் இருவரை அலசுவதற்கு அனுப்பியவரும் அவர்தான்.

இரும்பும் மணலும் பள்ளத்துக்குள் போயின. கொட்டகைத் தரையில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்களை இறக்கி, வெல்லக் கரைசலை ஊற்றினோம். உன் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி தூக்கினார். “வாழ்நாளெல்லாம் பெயிண்ட் வித்தேன். இப்பக் கலர அழிக்க வாளி தூக்குறேன்” என்றார். அன்றைக்கு நாம் எல்லோரும் பசை பசையென்று ஒட்டிக்கொண்டு, எறும்பு மொய்க்க, அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தோம்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. சில வாரத்தில் அடிபம்பில் தண்ணீர் பழுப்பாக வரத் தொடங்கியது. நாற்றம் வேறு. இரும்பு கரைந்து வருகிறது, கந்தக வாடை, கொஞ்ச நாளில் அடங்கும் என்று நமக்குத் தெரியும். தெருவுக்கு யார் சொன்னது? நாம்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேரும் திரண்டு பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் முத்துராக்கு, கையில் குடம்.

“மஞ்சத் தண்ணியாச்சும் நாறாம இருந்துச்சு ஆச்சி. துணியாச்சும் தொவச்சோம். இப்ப அதுக்கும் வழியில்ல. என்னத்தையோ ஊத்துனீக, என்ன ஊத்துனீகன்னு எங்ககிட்டச் சொன்னீகளா?”

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். “சொல்லல. சொல்லியிருக்கணும். தப்புத்தான்” என்றாய். சோதனைப் பெட்டியை எடுத்து வந்து முத்துராக்குவின் முன்னால் தரையில் வைத்தாய். “இந்த மருந்து விஷம் இருந்தா ஊதாவாகும். நான் தொடமாட்டேன். நீங்களே ஊத்திப் பாருங்க.”

சுற்றி நின்றவர்கள் நெருங்கினார்கள். முத்துராக்கு குடத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கண்ணாடிக் குழாயில் ஊற்றினாள். அமிலத்தை மட்டும் நான் சொட்டினேன். மருந்தை அவள் சொட்டினாள். எல்லோரும் ஊதாவுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பம்புத் தண்ணீரை நாமே அந்த வாரம் சோதித்திருக்கவில்லை, நினைவிருக்கிறதா?

தண்ணீர் அப்படியே நின்றது.

“கலரே வரலையே. மருந்து கெட்டுப்போச்சோ?” என்றாள் முத்துராக்கு.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் நீ துள்ளினாய். “அப்படிக் கேளு! அதுதான் கேள்வி!” கொட்டகைக்குள் ஓடி, முன்பே எடுத்து வைத்திருந்த பழைய தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாய். “இதுலயும் அதே மருந்த ஊத்து.”

அவள் ஊற்றினாள். ஊதா குப்பென்று எழுந்தது. பின்னால் நின்றவர்கள் “ஆத்தி!” என்றார்கள். முத்துராக்கு ஒரு கையில் ஊதாக் குழாயும் ஒரு கையில் நிறமில்லாக் குழாயுமாக மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “அப்ப நெசமாவே போயிருச்சா?”

“விஷம் போயிருச்சு. நாத்தம் இருக்கு. அதுக்கு மணல் பீப்பா வச்சுக் காத்துப்பட விடுவோம். அதிகாரிக வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் குடிக்காதீக. அதுவரைக்கும் லாரித் தண்ணி தெனமும் வரும், நான் பொறுப்பு.”

அன்றிலிருந்து சோதனைக்கு முத்துராக்குதான். கொட்டகையின் சாவியை நீயே அவளிடம் கொடுத்தாய்.

அடுத்த ஆடியில் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போனாய். நாலு நாளில் திரும்பிவிடுவேன், கிணற்றுத் தண்ணீர் சோதனையில் இன்னும் இளஞ்சிவப்புக் காட்டுகிறது, விஷம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, வெல்லத்தை நிறுத்திவிடாதே என்று ரயில் படியில் நின்றபடி சொன்னாய். மூன்றாம் நாள் காலையில் உன் வீட்டுக்காரர் அழைத்தார். குளித்துவிட்டு வந்து காப்பி கேட்டாயாம். காப்பி வருவதற்குள் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். அவ்வளவுதான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வெல்லத்தை நிறுத்தவில்லை, நிறுத்தவில்லை என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து பங்காளிகள் கூடியபோது கிணற்றுப் பேச்சு மறுபடியும் எழுந்தது. எல்லோரும் உன் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் அதிகம் பேசாத மனிதர்.

“கெணறு இருக்கட்டும். நான் இங்கயே இருந்து பாத்துக்குறேன்” என்றார்.

இருந்தார்டி! சென்னைக் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, அந்தப் பெரிய வீட்டில் தனி ஆளாக. வெல்லம் கரைக்கவும், குழாயில் ஊற்றவும், சோதிக்கவும் கற்றுக்கொண்டார். ஆயுள் முழுக்கப் பெயிண்டில் சாயல் பார்த்த கண் அல்லவா? எனக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு இளஞ்சிவப்பில் எது மெலிந்தது என்று சரியாகச் சொல்வார். நான் கருவியில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதே வரும். ஒருநாள் போன் செய்தார். “அம்மா, இன்னைக்கு ஒண்ணும் வரல. சுத்தமா இல்ல.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “அவ இருந்தா கத்தியிருப்பா.” நான் ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு உனக்காகக் கத்தினேன். அவர் போனிலேயே சிரித்தார். நீ போனபின் அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான் முதல்முறை.

ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்றும் போனது. மழைத் தண்ணீர் இறங்கி அந்தக் குரோமியத்தைத் திரும்ப எழுப்பிவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். அது எங்கும் போய்விடவில்லை, மண்ணுக்குள் வீரியம் இழந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்தோம். எழவில்லை. அதிகாரிகளும் பருவத்துக்குப் பருவம் வந்து எடுத்துப்போய்ச் சோதித்தார்கள்.

இப்போது செய்தி. நேற்று அவர்கள் வந்து அடிபம்பின் சிவப்புக் குறியைச் சுரண்டினார்கள்! பழைய பெயிண்ட், லேசில் விடவில்லை. உன் வீட்டுக்காரர் வீட்டுக்குள் போய்த் தின்னர் எடுத்துவந்து, “தள்ளுங்க, இது என் தொழில்” என்று தானே துடைத்தார். முத்துராக்கு முதல் குடம் அடித்து, ஒரு சொம்பு எடுத்து மடமடவென்று குடித்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, “தண்ணி மாதிரி இருக்கு” என்றாள். அதற்குமேல் ஒரு பாராட்டு உண்டா? அவர்கள் திருப்பூருக்குப் போகவில்லை. பூட்டிவிட்டுப் போனவர்களில் ஒரு குடும்பம் திரும்பி வந்து கூரை மாற்றிக்கொண்டிருக்கிறது.

இங்கே நிறுத்தினால் கடிதம் அழகாக முடியும். ஆனால் எனக்கு உட்கார நேரமில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கல்லலிலிருந்து என் தம்பி அழைத்தான்.

“அக்கா, நம்ம வயலுக்குப் போற வாய்க்கால்ல தண்ணி நீலமா ஓடுதுக்கா. மேல புதுசாச் சாயப்பட்டறை போட்டிருக்காக. நாத்து நட்டாச்சு. என்ன செய்யட்டும்?”

“மடைய அடை. ஒரு பாட்டில்ல புடிச்சு வையி. தொட்ட கையக் கழுவு. நான் வாரேன்” என்றேன்.

முன்பென்றால் யாரிடமாவது புகார் கொடு என்று சொல்லிவிட்டுப் பாடம் நடத்தப் போயிருப்பேன். வயலை நினைத்து எனக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று குறுகுறுக்கிறது. அது என்ன சாயம்? எதற்கு அடங்கும்? எதோடு சேர்த்தால் தண்ணீரை விட்டுப் பிரியும்? சாயம் வேறு சாதி. எனக்கு அதில் அனுபவமில்லை. எனக்குத் தெரியாது என்பதை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் சுறுசுறு என்கிறது. படிக்கிற காலத்தில் எனக்கு இது இருந்ததில்லை. வேலையில் இருந்த இத்தனை வருடத்திலும் இருந்ததில்லை. இது உன்னுடையது. நீ எடுத்துப்போக மறந்து என்னிடம் விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். திருப்பித் தரமாட்டேன்.

வாசலில் கார் நிற்கிறது. நான் போனில் கல்லல் என்றதுமே உன் வீட்டுக்காரர் கண்டனூரிலிருந்து கிளம்பிவிட்டார். பின் சீட்டில் முத்துராக்கு காலி பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஹாரனை விடாமல் அடிக்கிறார்.

“அம்மா, தண்ணி ஓடிப்போயிரும், வாங்க!”

“வாரேன் அண்ணே, வாரேன்!”

செருப்பைப் போட்டுக்கொண்டே இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். என்ன நீலம் என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்டி.